மூட்டி காய்த்திருக்கிறது

அன்புள்ள மக்களே,

எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன். எல்லைக்கோடு களியிக்காவிளையில் வந்து நிற்கும், நம் ஊர் கேரளத்தில்தான் கிடக்கும் என்று சொன்னேன்; அப்படியே நடந்தது. நீ கோபித்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போவாய் என்று சொன்னேன், போனாய். போன இடத்தில் வாத்தியார் வேலை கிடைக்கும், அதே பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணும் கிடைப்பாள் என்று சொன்னேன். உன் கடிதம் வந்த அன்று உறையைப் பிரிக்கும் முன்பே உன் அம்மாவிடம், "அக்கா, பொண்ணு கண்ணாடி போட்டிருக்கும், பாரு" என்றேன். படத்தில் கண்ணாடி இருந்தது. இத்தனையும் முன்கூட்டிச் சொன்ன மனுஷன் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று யாராவது சிரித்தால், அந்தக் காலத்து மிஷன் பள்ளி மூன்றாம் வகுப்பு இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம் என்று சொல். உன் அம்மா மட்டும், "இதையெல்லாம் நீ நடந்ததுக்குப் பிறகாக்கும் சொன்னே" என்கிறாள். அக்காள்மார் அப்படித்தான். தம்பி சொல்வதில் பாதியைத்தான் அவர்கள் காது எடுத்துக்கொள்ளும்.

நீ ஒற்றை ஆள், உன்னைப் போய் மாமன் 'மக்களே' என்று எழுதியிருக்கிறாரே என்று உன் திருநெல்வேலிக்காரி சிரிப்பாள். சிரிக்கட்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளையை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல். பெற்றது அக்காள், வளர்த்தது மாமன், ஆகவே இரண்டு பேருடைய மகன் ஒரே உடம்பில் இருக்கிறான், அதனால்தான் பன்மை என்றும் சொல். இந்த விளக்கத்தை இப்போதுதான் எழுதும்போதே கண்டுபிடித்தேன், ஆனால் நன்றாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஆவணியில் கல்யாணம், மார்த்தாண்டத்துச் சபையில் என்று எழுதியிருக்கிறாய். நல்லது. குறை ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே ஒரு வரி எழுதினாயே: அம்மாவும் நீங்களும் இங்கே வந்துவிடுங்கள், நான் கோட்டைத் தாண்டி வருவதாக இல்லை என்று. அந்த வரியை நான் வாசித்துக் கொடுத்தபோது உன் அம்மா மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தவில்லை. கிழங்கு முழுவதையும் நறுக்கி, தண்ணீரில் போட்டு, கையைத் துடைத்துவிட்டு, "அவன் இந்தப் படி எறங்கிப் போகாத்த கல்யாணத்துக்கு நான் வரல்ல" என்றாள். நான் என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தேன். என் வாய்க்கு இறங்காத ஆள் பாறசாலை முதல் கள்ளிக்காடு வரை கிடையாது, உன் அம்மாவைத் தவிர. நீயும் அவள் வயிற்றில் பிறந்தவன்தானே. இரண்டு பிடிவாதங்களுக்கு நடுவில் மாட்டுவண்டிக்காரன் நான் நிற்கிறேன். ஆகவே இந்தக் கடிதம் ஒரே ஒரு காரியத்துக்குத்தான்: கல்யாணத்துக்கு முன்னால் நீ வீட்டுக்கு வர வேண்டும், இந்தப் படியிலிருந்து மணவாளனாக இறங்கிப் போக வேண்டும். மற்றதெல்லாம் பேச்சு. பேச்சும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்.

இதைக் கொண்டுவரும் வெற்றிலைக்காரர் கையில் ஒரு ஓலைப்பெட்டியும் இருக்கும். திறந்து பார். மூட்டிப்பழம். ஆம், நம் மூட்டி காய்த்திருக்கிறது! இத்தனை வருஷம் பூத்துப் பூத்து உதிர்த்துவிட்டு வெறுமனே நின்ற மரம், இந்த மழைக்குத் தூரிலிருந்து என் இடுப்பு உயரம் வரை சிவப்புச் சேலை சுற்றிக்கொண்டு நிற்கிறது. உன் பெண் இதைப் பார்த்திருக்க மாட்டாள். மலங்காட்டுக்குள் பெரிய மரங்களின் நிழலில் வளரும் சின்ன மரம் இது என்று அவளுக்குச் சொல். மற்ற மரங்கள் பழத்தைக் கொம்பில் தொங்கவிடும். இது மட்டும் அடிமரத்திலேயே, மண்ணைத் தொடுகிற மாதிரி, குலைகுலையாகக் காய்க்கும். சின்னப் பிள்ளையும் நின்றபடியே பறிக்கலாம், தவழும் பிள்ளையும் பறிக்கலாம். ஒரு பழம் பெருநெல்லி அளவு இருக்கும். தோலைப் பிளந்தால் உள்ளே வெளுத்த சுளை. முதலில் புளிக்கும், முகத்தைச் சுளித்து முடிப்பதற்குள் இனிக்கும். தோலை எறிய வேண்டாம், உப்பும் மிளகும் போட்டு ஊறுகாய் போடலாம். உன் அம்மா போட்டதை நீ வெறுங்கையால் பரணி ஜாடியிலிருந்து எடுத்துத் தின்று அடிவாங்கியது உனக்கு நினைவிருக்கும்.

அந்த மரம் நம் வீட்டுக்கு வந்த கதையையும் உன் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும், அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை. உன் அப்பா தவறிப்போய், அக்காள் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்த புதிது. நான் அப்போது கள்ளிக்காட்டிலிருந்து ஒற்றசேகரமங்கலம் வழியாகப் பாறசாலைச் சந்தைக்கு வண்டியில் மரச்சீனியும் வருக்கைப் பலாச்சக்கையும் ஏற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள் உன்னையும் கூட்டிக்கொண்டு போனபோது மேலே காட்டோரம் வண்டியை நிறுத்தி, மாட்டைத் தண்ணீருக்கு விட்டுவிட்டு உள்ளே நடந்தேன். ஒரு மூட்டி மரத்தின் தூரில் உட்கார்ந்து கரடி பழம் தின்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. நானும் அதைப் பார்த்தேன். யாரும் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் கரடிக்கே வெட்கம் வந்து, பாதிக் குலையை எனக்கென்று விட்டுவிட்டு எழுந்து போனது. உன் அம்மா இந்த இடத்தில், "போன வருஷம் அது காட்டுப்பன்னியாக்கும் இருந்தது, அதுக்கு முந்தி நாயாக்கும்" என்பாள். அதை விடு. மரத்தடியில் முளைத்துக் கிடந்த இரண்டு கன்றுத் தைகளை வேர்மண்ணோடு கிளப்பி எடுத்தேன். அந்த இடம் இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது.

வண்டியில் நீ வைக்கோல் மேல் உட்கார்ந்து இரண்டு தைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். ஒன்று கொழுத்தது, ஒன்று மெலிந்தது. வீட்டு முற்றத்தில் இறங்கியதும் கொழுத்ததை இறுகப் பிடித்துக்கொண்டு, மெலிந்ததை நீட்டி, "இது கேசவன் மாமனுக்கு" என்றாய். பக்கத்து வீட்டுக் கேசவன் அண்ணனை நீ மாமன் என்றுதான் கூப்பிடுவாய். அவர்கள் சாமி கும்பிட அம்பலத்துக்குப் போவார்கள், நாம் ஜெபத்துக்குச் சபைக்குப் போவோம். அவர் வீட்டில் மலையாளம், நம் வீட்டில் தமிழ். ஆனால் நடுவில் இருந்த மண்சுவரில் ஆள் நுழைகிற இடைவெளி ஒன்று எப்போதும் திறந்தே கிடந்தது. நீ காலையில் நம் வீட்டில் பழையது குடித்துவிட்டு, அந்த இடைவெளி வழியாகப் போய் அவர் வீட்டில் புட்டு தின்பாய். உனக்கு இரண்டு மாமன்மார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, எழுதுவதில் என்ன. கொழுத்த தை நம் பக்கம், மெலிந்த தை அவர் பக்கம், சுவருக்கு இருபுறமும் நட்டோம்.

இரண்டும் வளர்ந்தன. நீ பாறசாலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு இரண்டும் பூத்தன. அவருடையது நம்முடையதைவிட அதிகமாகப் பூத்தது; அடியிலிருந்து மேலே வரை குஞ்சம் கட்டிய மாதிரி. ஆனால் நம்முடையது காய்த்தது, அவருடையது காய்க்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படி. அதற்கடுத்ததும். எனக்குச் சொல்ல வேண்டுமா? சந்தையில், சாயாக்கடையில், சபை வாசலில், எங்கே கேசவன் அண்ணனைக் கண்டாலும் ஒரே தமாஷ்தான்: "அண்ணே, நம்ம மண்ணு காய்க்கும், ஒம்ம மண்ணு பூக்கத்தான் செய்யும்!" அவரும் விடமாட்டார். "எடா, நின்றெ மரம் நின்னைப் போலத்தான், எல்லாம் கீழயே தொங்குது, மேல ஒண்ணுமில்லா" என்று தலையைத் தொட்டுக் காட்டுவார். கடை முழுக்கச் சிரிக்கும். சபையில் அறுப்பின் பண்டிகை வந்தால் நம் முதல் குலையை ஏலத்தில் வைப்போம். கேசவன் அண்ணன் சபைச் சுவருக்கு வெளியே, ரோட்டில், குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே ஆட்கள் கேட்கக் கேட்க வெளியிலிருந்து குடையைத் தூக்கிக் காட்டி ஏலத்தை ஏற்றுவார். போதகரே சிரித்துவிடுவார். குலையை எடுத்துக்கொண்டு போய், தோலை ஊறுகாய் போட்டு, பாதியை இடைவெளி வழியாக நமக்கே அனுப்புவார். காய்க்காத மரத்தின் சொந்தக்காரர் காய்க்கிற மரத்தின் பழத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார் என்று அதற்கும் நான் தமாஷ் சொன்னேன்.

மக்களே, நீ குடும்பம் நடத்தப் போகிறாய், அதனால் இங்கே ஒன்று சொல்கிறேன். தமாஷ் சொல், வீடு தமாஷ் இல்லாமல் இருக்கக் கூடாது. ஆனால் ஒரே தமாஷை ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதே. சொல்கிறவனுக்கு அது தேய்ந்துகொண்டே போகும்; பக்கத்தில் நின்று கேட்கிற சின்னப் பிள்ளைக்கு அது உண்மையாகிக்கொண்டே போகும். நான் சொன்ன அந்த வார்த்தையை யார் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்ததே இல்லை. நீ வைக்கோல் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

பிறகு அந்த வருஷங்கள் வந்தன. தமிழ் பேசுகிற தாலுகாக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், கூட்டம், கொடி. நம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவும் சேரும் என்று நாம் நம்பினோம். அந்தப் போராட்டமே என் வண்டியில்தான் நடந்தது என்று சொல்லலாம். தலைவர்கள் எல்லாரும் என் வண்டியில் ஏறியவர்கள். உன் அம்மா, "ஏறினது ஒலிபெருக்கியும் அதுக்க பேட்டரியும்" என்கிறாள். ஒலிபெருக்கி இல்லாமல் தலைவர் ஏது? நீ அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாய், மீசை அரும்பியிருந்தது, கொடி பிடிப்பதில் முன்னால் நின்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. கேட்டது நியாயம்தான், நம் பிள்ளைகள் நம் பேச்சில் படிக்க வேண்டும் என்று கேட்டோம். சாயாக்கடையில் மட்டும் ஒரு மாற்றம் வந்தது. முன்பு ஒரு பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தவர்கள் இரண்டு பெஞ்சில் உட்காரத் தொடங்கினார்கள். நானும் கேசவன் அண்ணனும் பழைய தமாஷையே சொன்னோம். ஆனால் இப்போது ஒரு பெஞ்சு மட்டும்தான் சிரித்தது.

அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். பாறசாலையில் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்து, சட்டை கிழிந்து, தோளில் காயத்தோடு நீ மத்தியானம் வீட்டுக்கு வந்தாய். உன் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கேசவன் அண்ணன் சுவரோரம் நின்று வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். உன் தோளை அவர் பார்க்கவில்லை. வழக்கம்போல், என்னிடம் கேட்கிற மாதிரியே, உன்னிடம் கேட்டார்: "என்ன மருமகனே, தமிழ்நாடு எவிட வரெ வந்து? வண்டி கிட்டல்லியோ?"

"வரும்," என்றாய் நீ. "வந்தா இந்தச் சுவரு வரைக்கும் எங்க மண்ணாக்கும். எங்க மண்ணு காய்க்கும். ஒங்க மண்ணு பூக்கத்தான் செய்யும்."

அவர் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "மோனே, அதை நின்றெ மாமன் பறஞ்சா சிரிக்கலாம். நீ பறயாத."

நீ உள்ளே போய் வெட்டுகத்தியை எடுத்து வந்தாய். இடைவெளி வழியாக நுழைந்து, அவர் கண் முன்னாலேயே, அவருடைய மூட்டியை வெட்டினாய். "காய்க்காத்த மரம் எதுக்கு?" என்று ஒவ்வொரு வெட்டுக்கும் கேட்டாய். சின்ன மரம், நேரம் எடுக்கவில்லை. நான் முற்றத்தில் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தேன். ஓடி வந்து உன் கையைப் பிடித்தேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியும், நான் எழுந்திருக்கவில்லை. மரம் விழுந்த பிறகு கேசவன் அண்ணன் உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்போதுதான் உன் தோளைப் பார்த்தார். "வெட்டியாச்சில்லே? இனி வீட்டுக்குப் போ. தோள்ல ரத்தம் வருது, அம்மைகிட்ட மருந்து வைக்கச் சொல்லு" என்றார். அன்று சாயங்காலம் இடைவெளியை முள் வைத்து அடைத்தார்.

பிறகு நடந்ததை எல்லாரும் அறிவார்கள். விளவங்கோட்டுத் தாலுகா அந்தப் பக்கம் போயிற்று, நாம் இந்தப் பக்கம் கிடந்தோம். கொண்டாட்டத்துக்கு வெடி வெடித்த சத்தம் கிழக்கே கேட்டது, நம் ஊரில் சாயாக்கடையைச் சீக்கிரம் அடைத்தார்கள். நீ ஒரு பையோடு பாறசாலை ரோட்டுக்கு ஏறிப் போனாய். நம் ஊர் தமிழ்நாட்டோடு சேரும் நாளில்தான் திரும்பி வருவேன் என்று உன் அம்மாவிடம் சொன்னாய். நான் பஸ் வரை வந்தேன்.

நீ போன பிறகு நம் மூட்டி பூத்தது. காய்க்கவில்லை. முதல் வருஷம் மழை பிந்தியதால் என்றேன். அடுத்த வருஷம் கண்பட்டுவிட்டது என்றேன். அதற்கடுத்த வருஷம் புதிய சர்க்கார்தான் காரணம் என்றேன், அதற்குச் சாயாக்கடையில் நல்ல ஆதரவு கிடைத்தது. சாம்பல் போட்டேன், மீன் கழுவிய தண்ணீர் விட்டேன், போதகரைக் கூட்டிவந்து ஜெபம் பண்ணினேன். பூ வரும், சிவக்கும், உதிரும். பண்டிகைக்கு ஏலத்தில் வைக்கக் குலை இல்லை. சபைச் சுவருக்கு வெளியே குடையும் இல்லை.

கடைசியில் கண்டுபிடித்தது நான்தான். அதாவது உன் அம்மா சொன்னாள், நான் ஒத்துக்கொண்டேன். அவள் ஒரு நாள் பனைமரத்தடியில் ஓலை பொறுக்கிக்கொண்டிருந்தவள், அப்படியே நின்று மேலே பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "எலே, பனையில ஆணும் பெண்ணும் உண்டா, இல்லியா?"

"இதென்ன கேள்வி? பனையேறி குடும்பத்துல பிறந்துட்டு இதுகூட அறியாதா? ஆண்பனை பாளை விடும், காய்க்காது."

"ஆண்பனை ஒண்ணுகூட இல்லாத்த விளையில பெண்பனை காய்க்குமா?"

அவள் முந்தானையை உதறிக்கொண்டு, "கேசவன்றெ மரம் ஆணாக்கும்லே" என்றாள். மக்களே, நாம் பனையோடு பிறந்து பனையோடு வளர்ந்த ஆட்கள். எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஆண்பனை எது, பெண்பனை எது என்று காட்டும். முற்றத்தில் நிற்கிற மூட்டியில் மட்டும் அது நமக்குத் தோன்றவில்லை. காய்க்கிறது, காய்க்கவில்லை, அவ்வளவுதான் கண்டோம். நீ மடியிலிருந்து எடுத்து நீட்டிய அந்த மெலிந்த தைதான் இத்தனை காலம் நம் மரத்தைக் காய்க்க வைத்தது.

எனக்கு அதைக் கேசவன் அண்ணனிடம் போய்ச் சொல்ல முகம் இல்லை. அக்காளுக்கு அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. நேரே முள்வேலிக்குப் போய் நின்று, "கேசவா, இங்க வா. ஒன் மரம் ஆணாக்கும். அது நின்னதுனாலயாக்கும் எங்க மரம் காய்ச்சது. நாங்க அறியாம வெட்டிப்போட்டோம்" என்றாள். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று கேட்டேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். இருமல் வருகிற வரை சிரித்தார். "அப்போ இத்தனை காலம் நின்றெ தம்பி சந்தை முழுக்கப் பெருமையடிச்சது என்றெ மரத்தைக் கொண்டோ? எடா, வெளிய வா! வைக்கோலுக்குப் பின்னால நின்னா அறியமாட்டேன்னு நெனச்சியோ?"

நான் வெளியே வந்தேன். அவர் என்னைத் தன் பக்கம் வரச் சொல்லி, பழைய அடிக்கட்டையைக் காட்டினார். அதைச் சுற்றித் தென்னமட்டை நட்டு ஆடு மேயாமல் அடைத்திருந்தார். அடிக்கட்டையிலிருந்து தளிர் கிளம்பி ஆள் உயரம் நின்றது. நீ வெட்டிய அந்த வருஷமே துளிர்த்ததாம். அதற்குத் தண்ணீரும் விட்டிருக்கிறார். காய்க்காத மரம் என்று நினைத்தும் எதற்காக இதைக் காத்தீர் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நிங்ஙள் எல்லாரும் காய்க்கல்ல, காய்க்கல்லன்னு பறஞ்சிட்டிருந்தீங்க. ஞான் பூவாக்கும் பாத்துட்டிருந்தது" என்றார்.

சுவருக்கு அடுத்த பக்கத்தில் இத்தனை வருஷம் இருந்தேன். அந்த மனுஷனுக்குப் பூ பிடிக்கும் என்று நான் ஒரு நாளும் அறியவில்லை. மறுநாள் அவரும் நானும் சேர்ந்து முள்ளை எடுத்தோம். அவர், "பயல் எப்போ வாறான்?" என்று கேட்டார். நான், "வாறான், வாறான்" என்றேன். அந்தத் தளிர் இந்த வருஷம் பூத்து, நம் மரம் காய்த்து, முதல் குலை உனக்கு என்று கேசவன் அண்ணனே பறித்து ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார். அதைத்தான் நீ தின்றுகொண்டிருக்கிறாய். மரமே மன்னித்துவிட்டது, இனி உனக்கு என்ன வைராக்கியம்?

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைக்கிறாய், அது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆசை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். கோடு அங்கே போட்டது எனக்கும் ஆறவில்லை, கேசவன் அண்ணனுக்கும் அது தெரியும், இப்போதும் நாங்கள் அதைப் பற்றிச் சண்டை போடுகிறோம், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து. ஆனால் நாளை உனக்கும் உன் பெண்ணுக்கும் ஒரு பேச்சு முற்றும். நீ ஏதோ ஒன்றை வெட்டிப்போட்டுவிட்டு எழுந்து போவாய். போவது சுலபம், எல்லாரும் போவார்கள். திரும்பி வீட்டுக்குள் வரும்போது கையில் ஒரு நியாயம் வேண்டும் என்று காத்திராதே. நியாயம் கிடைத்த பிறகு வரலாம் என்று வாசலில் நிற்கிறவன் நின்றுகொண்டே இருப்பான். கையை வீசிக்கொண்டு உள்ளே வந்து, பசிக்கிறது என்று சொல். உன் அம்மாவிடம் நீ சின்ன வயதில் அதைத்தான் செய்தாய், அவளால் ஒரு தடவைகூட உன்னைத் திருப்பி அனுப்ப முடிந்ததில்லை.

இவ்வளவும் எழுதி முடித்து, கையெழுத்துப் போடும் முன் உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் கரடியிடத்தில் தலையில் அடித்துக்கொண்டாள், மரம் வெட்டிய இடத்தில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், முழுவதும் கேட்டாள். கேட்டு முடித்து, "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. காய் எங்கலே?" என்றாள்.

"பெட்டியில உண்டே."

"பெட்டியில இருக்கது நீ கள்ளிக்காட்டுல போய் வாங்கினதாக்கும். நம்ம மரத்துல ஒரு காய் உண்டா?"

"அக்கா, காய்ச்சிருக்குன்னு எழுதினா வருவான். காய்க்கல்லன்னு எழுதினா எதைச் சொல்லிக் கூப்பிடுவேன்?"

"அவன் காயைப் பாக்கவா வரணும்? நேரா எழுது. பொய் கேட்டு வந்த பிள்ளை முற்றத்துல நின்னு மரத்தைப் பாத்தான்னா, நான் எந்த முகத்தோட சோறு வைப்பேன்?"

ஆகவே நேராக எழுதுகிறேன். நம் மூட்டி காய்க்கவில்லை, மக்களே. அது மட்டும் நான் கட்டிச் சொன்னது. முள்ளை எடுத்தது மெய். தளிர் ஆள் உயரம் நிற்பது மெய். ஆனால் அது இன்னும் பூக்கவில்லை. நம் மரத்துப் பூ இந்த வருஷமும் உதிர்ந்துதான் போயிற்று. இந்தப் பொய்யை உனக்கு எழுதப் போகிறேன் என்று நேற்றே கேசவன் அண்ணனிடம் சொன்னேன். அவர் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டே, "பூக்கும்போ பூக்கட்டும். அதுவரெ பயல் வெளியில நிக்கணுமோ?" என்றார். உன் அம்மா இந்தக் கடைசி வரிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் இதில் நான் ஒன்றும் சேர்க்க வழியில்லை. காட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. அவள் இருக்கிறாள், நான் இருக்கிறேன், கேசவன் மாமன் இருக்கிறார். வா.